லோடு மில் வரைக்கும், வழி முக்கு வரைக்கும்

பட்டுக்குப் பேர்போன ஆரணிக்கு அரிசியும் அதே அளவு சோறு போடுகிறது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டை ஒரு பையில் மடித்து வைத்து பஸ்ஸில் கொண்டுபோய்விடலாம். நெல்லும் அரிசியும் அப்படி நகராது. ஊருக்குள் ரயிலும் இல்லை. ‘ஆரணி ரோடு’ என்று பெயர் தாங்கிய ரயில் நிலையம் இருப்பது களம்பூரில். ஆகவே நெல் மூட்டை வருவதும் அரிசிச் சிப்பம் போவதும் லாரியில்தான். ஆற்காட்டிலிருந்து ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி வழியாக விழுப்புரம் போகும் மாநில நெடுஞ்சாலை வரைக்கும் ஓட்டுநருக்குப் பிரச்சினை இல்லை. அதை விட்டு இறங்கி ஊர்த் தெருவுக்குள் திரும்பும் இடத்தில்தான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

அந்தத் தெருக்கள் லாரிக்காகப் போட்டவை அல்ல. பட்டு நெசவு ஊர்களில் தெரு என்பது தறிக்கூடத்தின் நீட்சி. விடியற்காலையில் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற வேண்டிய நீள இழைகளை, தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். குறுக்கே குச்சி செருகி, அறுந்த இழையைத் தேடிப் பிணைத்து, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்தாக வேண்டும். வீட்டுப் பெண்களும் பெரியவர்களுமாக நாலைந்து பேர் அதைச் சுற்றி நிற்பார்கள். ஒரு பாவில் குடும்பத்தின் பல நாள் சாப்பாடு இருக்கிறது. அந்த நேரத்தில் பத்துச் சக்கர டாரஸ் லாரி ஒன்று தெருவுக்குள் மூக்கை நுழைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முகூர்த்த மாதங்களில் பட்டுக் கடை வீதிகளின் நெரிசலும், பள்ளி நேரத்துச் சைக்கிள்களும் வேறு. இந்தத் தெருக்களில் பகலில் கனரக வண்டி போகக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் தடையின் முழுப் பாரமும் யார் தலையில் விழுகிறது? ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவருக்கு, காலையில் அரிசி மில்லிலிருந்து போன் வரும்: எட்டு மணிக்குள் வந்துவிடு, இறக்குகிற ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று. முக்கில் திரும்பியதும் காவலரின் கை நீளும். வண்டி பாதி உள்ளே, பாதி வெளியே. பின்னால் ஷேர் ஆட்டோக்கள் ஹாரனை அமுக்குகின்றன. ரிவர்ஸ் எடுக்க க்ளீனர் இறங்கி நின்று கை காட்டினாலும் இடம் கிடையாது. ‘நோ என்ட்ரி தெரியாதா?’ என்பது ஒரு குரல், ‘போர்டு இல்லீங்க சார்’ என்பது மறு குரல். ஆரணி என்றில்லை, சந்தையும் மில்லும் உள்ள எந்த ஊரின் முக்கிலும் கேட்கக்கூடிய பேச்சு இது.

போர்டு இல்லை என்பது வெறும் சாக்கு அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 115ஆம் பிரிவின்படி, ஒரு சாலையில் குறிப்பிட்ட வகை வண்டிகளைத் தடுக்க மாநில அரசுக்கோ அது அதிகாரமளித்தவருக்கோ உரிமை உண்டு. அதற்கு அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். உரிய இடங்களில் பலகையும் வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு உட்பட்ட தடைக்கு மட்டும் அரசிதழ் தேவையில்லை. அதையும் ஊரறியச் சொல்லியாக வேண்டும். பலகை எங்கே இருக்க வேண்டும்? வண்டி திரும்பிய பிறகு கண்ணில் படுகிற இடத்தில் அல்ல. மாற்றுவழிக்கு இன்னும் வாய்ப்பிருக்கிற இடத்தில். எத்தனை டன், எந்த நேரம், வேறு வழி எது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பாதி ஊர்களில் மரக்கிளைக்குப் பின்னால், பிறந்தநாள் பேனருக்கு அடியில் கிடக்கும் துருப்பிடித்த வட்டத்தை யார் படிப்பது?

இதைவிடப் பெரிய ஓட்டை அபராதத்தில் இருக்கிறது. சாலைக் குறியீட்டை மதிக்கவில்லை என்று வழக்கு எழுதினால் பொதுத் தண்டனைப் பிரிவான 177 வரும்: முதல் முறை அதிகபட்சம் 500 ரூபாய், மறுமுறை 1,500. அதே வண்டி, அதே தெரு, 115ஐ மீறியது என்று எழுதினால் 194ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதன் தொகை 20,000 ரூபாய். கூடுதல் பாரம் இருந்தால் டன்னுக்கு 2,000 தனி. ஐந்நூறுக்கும் இருபதாயிரத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் மாமூல் முளைக்கிற நிலம். பேட்டாவை நம்பி வண்டி ஏறியவர், இருபதாயிரம் என்ற சொல்லைக் கேட்டதும் பையில் இருப்பதை எடுத்து நீட்டிவிடுவார். சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் சேவ்லைஃப் அறக்கட்டளை 2020இல் பத்து நகரங்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், கடைசி நடையில் லஞ்சம் கொடுத்ததாக 82 சதவீதத்துக்கும் மேலான ஓட்டுநர்கள் சொன்னார்கள். சென்னையில் அது 89 சதவீதம்.

கொடுத்தவர் புகார் செய்யலாமே என்பார்கள். 2018இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால்தான் தப்பலாம். அந்த ஏழு நாளில் அவர் நாக்பூர் தாண்டியிருப்பார். எழுதிக் கொடுத்துவிட்டு அதே முக்கு வழியாக அடுத்த வாரமும் வர வேண்டியவரும் அவர்தான்.

முறையாகப் போட்ட தடை எப்படி நடக்கும் என்பதற்குத் திம்பம் மலைப்பாதை சாட்சி. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் 27 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் அந்தச் சாலையில், ஈரோடு ஆட்சியர் 2019 ஜனவரியில் போட்ட இரவுத் தடை ஏட்டில் தூங்கியது. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை அமல்படுத்தச் சொன்னது. மலை மக்களும் விவசாயிகளும் தெருவுக்கு வந்த பிறகு, வண்டி வகைக்கேற்ப நேரமும் எடையும் பிரிக்கப்பட்டன. 16.2 டன்னுக்கு மேல் அனுமதி இல்லை என்றானது. 2018 ஜூலைக்கு முன் ஆறு சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு அதுதான்; அந்த மாதம் மத்திய அரசு அதை 18.5 டன்னாக உயர்த்திவிட்டது. ஒரு கை ஏற்றிய எடையை இன்னொரு கை தடுக்கிறது என்ற மனக்குறை லாரிக்காரர்களுக்கு வந்தால் அது நியாயமே. ஆனாலும் அங்கே விதி என்ன என்பது சோதனைச் சாவடிக்கு வருமுன்பே தெரியும். பேரத்துக்கு இடம் குறைவு.

ஆரணி மாதிரி ஊர்களில் இன்னொருவர் எப்போதும் தப்பிவிடுகிறார்: லோடுக்குச் சொந்தக்காரர். 194ஆம் பிரிவு ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. எட்டு மணிக்கு வா என்று போன் செய்தவர் யார்? லண்டனில் 18 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு இரவிலும் வார இறுதியிலும் 1985 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. அங்கே மீறினால் நிறுவனத்துக்கான அபராதம் ஓட்டுநருடையதைவிடப் பல மடங்கு. நம் சட்டத்திலும் வழி இருக்கிறது. எழுதுகிற பேனா அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

முக்கில் நிற்கும் காவலரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கையில் எடைமேடை கிடையாது. வண்டியை ஓரம் கட்டச் சொல்ல ஓரமே கிடையாது. அவர் திருப்பி அனுப்பினால் லாரி எங்கே போய் நிற்கும்? ஊருக்கு வெளியே, கழிப்பறையும் தண்ணீரும் நிழலும் உள்ள லாரி நிறுத்தம் ஒன்று இருந்தால், இந்த வாக்குவாதத்தில் பெரும்பகுதி நடக்கவே நடக்காது. அதைக் கட்டித்தர நகராட்சியும் மில்காரர்களும் ஒன்றாக உட்கார வேண்டும். இரவு பத்துக்கு மேல் உள்ளே விட்டு, பாவு நீட்டுகிற நேரத்துக்கு முன்பே, நாலு மணிக்குள் வண்டி வெளியேறிவிடலாம். அப்படியானால் சுமை இறக்கும் தொழிலாளிக்கு இரவுக் கூலி தனியாகத் தர வேண்டும். அதை மில் தர வேண்டும், ஓட்டுநரின் பேட்டாவிலிருந்து பிடிக்கக் கூடாது.