ஏக்கருக்கு எவ்வளவு வரி?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஊர் ஆஷ்வில். அங்கே ஒரு வால்மார்ட் கடை 34 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. ஊர் நடுவே கால் ஏக்கருக்கும் குறைவான மனையில் ஒரு பழைய கட்டடம். அதைப் புதுப்பித்துக் கீழே கடைகளும் மேலே வீடுகளும் வைத்தார்கள். இரண்டும் கட்டிய சொத்து வரியை நகரத் திட்ட ஆய்வாளர் ஜோ மினிகோசி ஏக்கருக்கு வகுத்துப் பார்த்தார். வால்மார்ட் தந்தது ஏக்கருக்குச் சுமார் 6,500 டாலர். பழைய கட்டடம் தந்தது சுமார் 6,34,000 டாலர்! மொத்தத் தொகையில் வால்மார்ட்தான் முந்தியது. நகராட்சிகளின் கண்ணில் படுவதும் அதுதான். ஆனால் சாலையும் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் நீளத்துக்கு ஏற்பத்தானே செலவு வைக்கும்?

அமெரிக்கப் புறநகர்கள் தேய்ந்த கதையின் மூலக்கணக்கு இது. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளோடு எழுந்தது லெவிட்டவுன். தொடக்கத்தில் கட்டியவை 750 சதுர அடி வீடுகள். வெள்ளையர்களுக்கு மட்டுமே விற்றார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1956-க்குப் பின் நெடுஞ்சாலைகள் வர, இதே பாணி நாடெங்கும் பரவியது. ஒரே காலத்தில் கட்டியவை என்பதால் கூரையும் குழாயும் ஒரே காலத்தில் பழுதாகின்றன.

பழசானதுதான் குற்றமா? வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் லூசி, டேவிட் பிலிப்ஸ் இருவரும் அப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பேட்டைகள் பல நன்றாகவே தாக்குப்பிடித்தன. அடிவாங்கியவை போருக்குப் பின் வந்த நடுவயதுப் பகுதிகள்: வீடு சிறியது, கடைக்குப் போகவும் கார் வேண்டும். வசதி வந்தவர்கள் இன்னும் தள்ளிப் புது வீடு வாங்கிப் போனார்கள். மிஞ்சிய ஊர்கள் காசுக்கு வேறு வழி தேடின. செயின்ட் லூயிஸின் புறநகரான ஃபெர்குசன் நிர்வாகம் வருவாய்க்காகவே அபராதம் வசூலிப்பதை முடுக்கிவிட்டதை மத்திய நீதித் துறையின் 2015 அறிக்கை அம்பலப்படுத்தியது.

இப்படிப் பரவும் வளர்ச்சிக்கு மாற்றாகப் பேசப்படுவதுதான் ‘ஸ்மார்ட் குரோத்’: ஊரை வெளியே பரவவிடாமல் உள்ளேயே நெருக்கமாக வளர்ப்பது. போர்ட்லேண்ட் 1979-இல் நகரத்தைச் சுற்றி வளர்ச்சி எல்லை வகுத்தது. மேரிலாந்து 1997-இல், குறித்த பகுதிகளுக்குள் நடக்கும் வளர்ச்சிப் பணிக்கே மாநிலப் பணம் என்றது. லிங்கன் நிலக் கொள்கை நிறுவனம் 2009-இல் இத்தகைய நான்கு மாநிலங்களை வேறு நான்கோடு ஒப்பிட்டது. எல்லா அளவுகோலிலும் தேறிய மாநிலம் ஒன்றுகூட இல்லை. எனக்கு இதில் வியப்பில்லை. வெளியே வேலி போட்டால் போதாது, உள்ளே இருப்பதைத் திருத்திக் கட்ட வேண்டும்.

டென்வரை ஒட்டிய லேக்வுட் அதைச் செய்தது. 1966-இல் திறந்த வில்லா இத்தாலியா என்ற மால் நொடித்துப்போனதும் இடித்தார்கள். சுமார் நூறு ஏக்கரில் குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் போட்டு, கடைக்கு மேல் வீடு, பக்கத்தில் அலுவலகம், நடுவே பூங்கா என்று பெல்மாரைக் கட்டினார்கள். நகர மையமே இல்லாமல் வளர்ந்த லேக்வுட்டுக்கு அதன்பின்தான் நடந்து சுற்றும்படி ஒன்று கிடைத்தது.