பில்டரில் கைவைக்க முன் அழுத்தத்தை இறக்குங்கள்

கார் வேகம் எடுக்க முக்குகிறது. பெற்றோல் பில்டர் அடைத்துவிட்டது என்று யாரோ சொல்கிறார்கள். சாவகச்சேரி நகரில் புதிய பில்டர் ஒன்றை வாங்கி வந்து, ஓடிவந்த இயந்திரத்தின் சூடு ஆறமுன்னரே கொட்டிலுக்குள் வைத்துக் கழற்றத் தொடங்குகிறார்கள். பக்கத்துக் குசினியில் அடுப்பு எரிகிறது. புதினம் பார்க்க வந்தவர் சிகரெட்டோடு நிற்கிறார். தென்மராட்சி வளவுகளில் இதைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். சொன்னால், "எத்தனை தரம் மாற்றியிருக்கிறம்" என்கிறார்கள்.

பழைய காபரேற்றர் காரில் மாற்றியிருப்பார்கள். அதில் பெற்றோல் சொட்டும், அவ்வளவுதான். பெற்றோலை அழுத்தத்தில் பீச்சும் இன்றைய ஈஎப்ஐ கார்களில் குழாய்க்குள் இரண்டரை முதல் நான்கு பார் வரை அழுத்தம் இருக்கிறது. ரயரில் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைவிட அது அதிகம். இயந்திரத்தை நிறுத்திய பின்னும் உடனே இறங்காது. கிளிப்பைத் தளர்த்தியதும் பெற்றோல் முகத்துக்கும் சூடான இரும்புக்கும் பீறிடும். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்து போய், எங்கே நெருப்பு இருக்கிறதோ அங்கே பற்றும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களே ஓடின; அவற்றின் றப்பர்க் குழாய்களும் வெடித்துக் காய்ந்துவிட்டன. ஆகவே பில்டரோடு குழாயையும் கிளிப்பையும் பாருங்கள். தண்ணீர்க் குழாயை வெட்டிப் பூட்டாதீர்கள், பெற்றோல் அதைக் கெடுத்துவிடும்.

முதலில் உங்கள் காரில் பில்டர் எங்கே இருக்கிறதென்று அறியுங்கள். பல ஜப்பான் கார்களில் அது தாங்கிக்குள்ளே பம்போடு சேர்ந்திருக்கும். அதை வீட்டில் திறக்கவே கூடாது, கராஜுக்குக் கொண்டுபோங்கள். காமன் றெயில் டீசல் வாகனமென்றால், இயந்திரம் ஓடும்போது இன்ஜெக்டர்க் குழாய்களில் கைவைக்காதீர்கள். அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம் அது.

வெளியில் தெரியும் பில்டர் என்றால், திறந்த வெளியில், இயந்திரம் ஆறிய பின் செய்யுங்கள். தாங்கி மூடியைத் திறந்து ஆவியை விடுங்கள். இயந்திரத்தை இயக்கி, பெற்றோல் பம்பின் பியூசையோ ரிலேயையோ இழுத்துவிடுங்கள். ஜப்பானில் பாவித்து வந்த காரின் கையேடு ஜப்பான் மொழியில்தான் இருக்கும். எது எந்தப் பியூஸ் என்று பியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தில் பாருங்கள். பியூசை இழுத்ததும் இயந்திரம் தானாக நிற்கும். இன்னும் ஓரிரு தரம் ஸ்டார்ட் கொடுத்துவிட்டு, சாவியை எடுத்து, பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றுங்கள். இதற்குப் பிறகும் குழாய்க்குள் மிச்சம் இருக்கும். துணியைச் சுற்றிப் பிடித்து, கண்ணாடி அணிந்து, மெதுவாகத் தளர்த்துங்கள்.

காருக்கடியில் போவதானால் ஜக்கை மட்டும் நம்பாதீர்கள். சீமெந்துக் கல் அடுக்காதீர்கள், அது நொறுங்கும். உலர் தூள் தீயணைப்புக் கருவி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் தீயணைப்பு வண்டி வரும்வரை தீ காத்திருக்காது. சுட்டால் காயத்தில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். பற்பசை பூசாதீர்கள்.

பில்டரிலுள்ள அம்புக்குறி இயந்திரப் பக்கம் பார்க்கவேண்டும். புதிய கிளிப், புதிய வாசர். பியூசையும் பற்றரியையும் பூட்டிய பின் உடனே ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சாவியை இரண்டு மூன்று தரம் "ஓன்" நிலைக்கு மட்டும் திருப்பி, மூட்டுகளைக் கடதாசியால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் திரும்பப் பூட்டுங்கள்.

கழற்றிய பில்டரில் உள்ளதை வளவில் ஊற்றாதீர்கள். நம் நிலம் சுண்ணாம்புக்கல், ஊற்றியது கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2019இல் மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று தீர்ப்பானது. வீட்டுக் கிணற்றை நீங்களே கெடுத்தால் யாரிடம் இழப்பீடு கேட்பீர்கள்?

பழைய பில்டரைக் கவிழ்த்து, பெற்றோல் உள்நுழையும் பக்கத்தால் வெள்ளைக் கோப்பையில் ஊற்றுங்கள். துருத்தூளும், அடியில் முத்து முத்தாய்த் தண்ணீரும் தெரிந்தால் பழுது பெற்றோலில் இருக்கலாம். படம் எடுங்கள். கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் மூடி, வெயில் படாமல் வீட்டுக்கு வெளியே வையுங்கள்; முறைப்பாடு செய்வதானால் அது சான்று. பில்லும் அப்படித்தான்.

கடையில் பில் கேட்க வெட்கப்படுகிறோம். தராத கடைக்காரருக்கு அதுவே வசதி. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். அதில் திகதி, பொருளின் இலக்கம், விலை மூன்றும் இருக்கட்டும். பில்டர் வந்த பெட்டியை எறியாதீர்கள். கராஜில் மாற்றினாலும் பழைய பில்டரைக் கேட்டு வாங்குங்கள். போலிப் பொருளோ பிழையான வேலையோ என்றால் அந்த அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். ஆனால் தொலைபேசியோடு நிற்காதீர்கள். முறைப்பாடு எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். அதிகாரிகள் தாங்களாகவே உதிரிப்பாகக் கடைகளைச் சோதிப்பார்கள் என்று காத்திருந்தால் அந்த மூன்று மாதமும் போய்விடும். பில்லின் பிரதி, படங்கள், வாகனப் பதிவுப் புத்தகத்தின் பிரதி ஆகியவற்றை இணைத்து யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகார சபை அலுவலகத்தில் கொடுங்கள். மூலப் பில்லைக் கொடுக்காதீர்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் அங்கிருந்து திரும்பாதீர்கள்.