அயப்பாக்கம் போட்ட கணக்கு

கள்ளிக்குப்பத்திலிருந்து ரயில் பாதையைத் தாண்டி அம்பத்தூர் வழியாகப் போனால் அயப்பாக்கம். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்தது. கொரோனா காலத்தில் நாடு நம்பியிருந்த முக்கியமான கணக்குகள் சில இங்கே போடப்பட்டவை என்பது நம் பகுதியிலேயே பலருக்குத் தெரியாது.

2020 மே மாதம் ஊரடங்கு. பரிசோதனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கைதான் அரசின் கையில் இருந்தது. அறிகுறியே இல்லாமல் தொற்று வந்துபோனவர்கள் எத்தனை பேர்? அதைக் கண்டுபிடிக்க 21 மாநிலங்களில் 70 மாவட்டங்களுக்குக் குழுக்கள் கிளம்பின. மாவட்டத்துக்கு 10 ஊர்கள் அல்லது வார்டுகள், அவற்றில் 400 வீடுகள், வீட்டுக்கு ஒரு பெரியவர். விவரம் சொல்லி, சம்மதம் வாங்கி, கையிலிருந்து சில மில்லி ரத்தம் எடுத்தார்கள். 28,000 பேரைச் சோதித்ததில் தொற்று வந்துபோனவர்கள் 0.73 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும். நாடு முழுமைக்கும் கணக்கிட்டால் சுமார் 64 லட்சம் பேர்! பதிவான எண்ணிக்கையைவிடப் பல மடங்கு.

இப்படி வீடு வீடாகப் போகும் திறன் ஒரே நாளில் வந்ததல்ல. ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து 1999-ல் உருவானது இந்த நிறுவனம். அந்த ஆவடிப் பிரிவு, தொழுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்காக 1,71,400 பேரைச் சேர்த்த பிரிவு. வாசலில் நின்று பேசிச் சம்மதம் வாங்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

கொரோனாவின் இரண்டாம் அலையில் கேள்வி வேறு. தடுப்பூசி உயிரைக் காக்குமா? புதிதாக ஆய்வு தொடங்கிக் காத்திருக்க நேரமில்லை. நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழகக் காவல்துறையின் பதிவேடுகளை எடுத்தார்கள். மொத்தம் 1,17,524 காவலர்கள். ஊசி போடாத 17,059 பேரில் கொரோனாவால் இறந்தவர்கள் 20 பேர். ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேர். தயங்கி நின்றவர்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

பயனில்லை என்று சொல்வதும் ஆராய்ச்சியின் கடமைதான். குணமானவர்களின் பிளாஸ்மாவை நோயாளிகளுக்குக் கொடுக்கும் சிகிச்சையை, கவுன்சில் 39 ஆஸ்பத்திரிகளில் 464 பேரிடம் சோதித்தது. இறப்பு குறையவில்லை என்ற முடிவு 2020 அக்டோபரில் வெளியானது. சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டதோ 2021 மே மாதம். அதற்குள் எத்தனை குடும்பங்கள் பிளாஸ்மாவுக்காக அலைந்தன! இந்தத் தாமதம் மன்னிக்கக்கூடியதல்ல.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் களப்பணியாளர்களை நோய் வந்தபின் தேடாமல், சாதாரண நாளிலேயே நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது அரசின் பொறுப்பு. நம் பங்கும் உண்டு. ஆய்வுக்காக யாராவது வாசலுக்கு வந்தால் அடையாள அட்டையைப் பாருங்கள், சந்தேகங்களைக் கேளுங்கள். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்காமலே கதவைச் சாத்திவிடாதீர்கள்.