ஆர் 80 என்றால் கிட்னி போச்சா?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மண்டி வைத்திருப்பவர் ஒருவர், டிஸ்சார்ஜ் சீட்டோடு பதறிக்கொண்டு வந்தார். "ஆர் 80-ன்னு போட்டிருக்கே, கிட்னி போச்சுங்களா ஐயா?"

பயம் வேண்டாம். அது உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.10 பட்டியலில் உள்ள குறியீடு. சிறுநீரில் புரதம் வந்தால் ஆர் 80. சர்க்கரை வந்தால் ஆர் 81. ரத்தம் வந்தால் ஆர் 31. 'ஆர்' வரிசை நோயின் பெயரல்ல. 'இது தென்பட்டது, காரணத்தை இனித் தேட வேண்டும்' என்ற குறிப்பு.

எங்கள் சித்த மருத்துவத்திலும் நீர்க்குறி, நெய்க்குறி உண்டு. நிறம், மணம், நுரை பார்ப்போம். சிறுநீரில் விட்ட நல்லெண்ணெய்த் துளி பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாகப் பரந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். ஆனால் எண்ணெய்த் துளி புரதத்தை அளக்காது, அதற்கு லேப்தான்.

காய்ச்சலிலும் கடும் உழைப்பிலும் புரதம் தலைகாட்டி மறைவதுண்டு. இவருக்கும் காய்ச்சல்தான். அது விட்டபின், காலை முதல் சிறுநீரில் முன்பகுதியை விட்டு நடுப்பகுதியைப் பிடித்து மறுபடி சோதித்தார். புரதம் இல்லை!

மறுபடியும் இருந்தால், அதுவும் சர்க்கரை, பி.பி. உள்ளவரென்றால், உடனே சிறுநீரக டாக்டரைப் பாருங்கள். ரத்தம் என்றால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். வலிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்; சிறுநீரகம் வலிக்காமலே கெடும்.