அடிமனை யாருடையது? கேட்ட பிறகே அட்வான்ஸ்!

நம் வணிகர்களில் பலரும் கையில் நாலு காசு சேர்ந்ததும், கடையோடு சேர்ந்த ஒரு வீடு வாங்கவே ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் கட்டடம் ஒருவருக்கும், அது நிற்கும் மண் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருந்தால், அந்தக் கிரயம் மற்றக் கிரயங்களைப் போல முடிவதில்லை. விற்பவர் சம்மதித்தாலும், மண்ணுக்கு உரியவர் பதில் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் முடங்குவது நம் வியாபார முதல்.

கருவடிக்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஒரு கோயிலின் அடிமனையில் இருந்த வீட்டைப் பேசி முடித்தார். நான்கு லட்சம் அட்வான்ஸ். மூன்று மாதக் கெடு. அதற்குப் பிறகுதான் கோயிலில் விசாரித்தார். குத்தகை விற்பவரின் காலஞ்சென்ற தகப்பனார் பெயரிலேயே இருந்தது. வாரிசுகள் நால்வர். தரை வாடகை பாக்கி எவ்வளவு, குத்தகைக் காலம் இன்னும் இருக்கிறதா, பெயர் மாற்றத்துக்குச் சம்மதமா என்ற மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வர ஒன்பது மாதம் ஆயிற்று. இடையில் தீபாவளியும் பொங்கலும் போயின. நம்மிடம் வாரம் பத்து மூட்டை சர்க்கரை எடுத்தவர் நான்கு மூட்டைக்கு இறங்கினார். கடைசியில் பாக்கியை விலையில் கழித்துக்கொண்டு கிரயம் முடிந்தது. ஆனால் இரண்டு பண்டிகை வியாபாரம் திரும்பி வருமா?

பதில் ஏன் தாமதமாகிறது? கோயில் சொத்தில் நிர்வாகி தன் விருப்பப்படி கையெழுத்துப் போட முடியாது. புதுச்சேரியில் கோயில்கள் 1972-ஆம் ஆண்டின் இந்து சமய நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அடுத்துள்ள தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் 34-வது பிரிவுப்படி, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். அதே சட்டத்தின் 78-வது பிரிவு, குத்தகை முடிந்த பின்னும் இடத்தில் இருப்பவரை ஆக்கிரமிப்பாளர் என்றே கருதுகிறது. கெடு முடிந்த குத்தகையை வாங்குகிறவர் வீட்டை வாங்கவில்லை, வழக்கையே வாங்குகிறார்.

“நாளாவட்டத்தில் கோர்ட் மூலம் மண்ணையும் வாங்கிவிடலாம்” என்று சில தரகர்கள் சொல்வார்கள். அது பழைய கதை. தமிழ்நாட்டில், பிறர் மண்ணில் கட்டடம் கட்டிய வாடகைதாரருக்கு 1921-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி ஒரு உரிமை தந்தது உண்மை. 1996-ல் வந்த திருத்தம் சமய நிறுவன நிலங்களை அதிலிருந்து விலக்கியது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இது நம் ஊர்த் தொல்லை மட்டுமல்ல. இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் நீண்ட காலக் குத்தகையில்தான் விற்கப்படுகின்றன. அங்கும் மண்ணுக்கு உரியவரிடமிருந்து கணக்கு வராமல் கிரயங்கள் மாதக்கணக்கில் நிற்பதுண்டு. அத்தகவலைத் தருவதற்குக் காலக்கெடு விதிக்க 2024-ல் நிறைவேறிய சட்டம் அங்கே இடம் தந்திருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு கெடு வரும் வரை, நம் ஒப்பந்தத்திலேயே நாம் காப்புத் தேடிக்கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

1. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே குத்தகைப் பத்திரம், கடைசி வாடகை ரசீது, வாரிசுச் சான்று மூன்றையும் கேளுங்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலப் பத்திரமானால் மொழிபெயர்த்துப் படியுங்கள்.

2. வில்லங்கச் சான்று பதிவான விவகாரங்களை மட்டுமே காட்டும். வாடகை பாக்கி அதில் தெரியாது.

3. கிரயக் கெடு, மண்ணுக்கு உரியவரின் சம்மதக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து தொடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குறித்த நாளுக்குள் கடிதம் வராவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

4. பழைய பாக்கி விற்பவருடையது என்பது எழுத்தில் இருக்கட்டும்.

5. கோயிலுக்கு விற்பவரைக் கொண்டே மனுப் போடச் செய்து, ஒப்புகை ரசீது வாங்குங்கள். அரசுத் துறையின் கோப்பில் உள்ள விவரத்தை 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

6. கடனுக்குப் போகும் முன் வங்கியிடம் அடிமனை விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.

மண்ணுக்கு உரியவரை எதிரியாக நினைக்க வேண்டாம். கோயிலுக்குச் சேர வேண்டிய வாடகை சேரத்தான் வேண்டும். சரக்கு எடுக்கும்போது மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் நாம் பணம் தருவதில்லை. வீட்டுக்கும் அதே வழக்கம் இருக்கட்டும்.