விற்றமின் மிகையும் உடல்நலமும்

விற்றமின்கள் பற்றிய பாடத்தில் மாலைக்கண், என்புருக்கி, ஸ்கேவி எனக் குறைபாட்டு நோய்களையே மாணவர்கள் பெரும்பாலும் மனனம் செய்கின்றனர். அளவுக்கு மிஞ்சினால் என்ன நேரும் என்று வினா வந்தால் பலர் தடுமாறுவர்.

பி தொகுதியும் சியும் நீரில் கரைபவை. மேலதிகமானது பெரும்பாலும் சிறுநீருடன் வெளியேறிவிடும். ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை. இவை அவ்வாறு எளிதில் வெளியேறுவதில்லை. குறிப்பாக விற்றமின் ஏ ஈரலில் சேமிக்கப்படுகின்றது. இந்த ஒரு வேறுபாட்டை நன்கு விளங்கிக்கொள்ளுங்கள்.

கண்டியில் உங்கள் தம்பி, தங்கையருக்குக் குழந்தைகள் கிளினிக்கில் விற்றமின் ஏ கொடுக்கப்படுவதைக் கண்டிருப்பீர்கள். அது வயதுக்கேற்ப அளந்து, மாத இடைவெளிவிட்டுக் கொடுக்கப்படுவது. இந்தியாவின் அசாம் மாநிலத்தில் 2001 நவம்பரில் இத்தகைய வழங்கலின்போது, வழமையான 2 மில்லிலீற்றர் கரண்டிக்குப் பதிலாக 5 மில்லிலீற்றர் கிண்ணங்கள் வழங்கப்பட்டன. ஒரு மில்லிலீற்றரில் 1 இலட்சம் சர்வதேச அலகுகள் உள்ள பாணி அது. கிண்ணத்தை நிரப்பினால் 2 இலட்சத்துக்குப் பதில் 5 இலட்சம்! பல குழந்தைகள் நோயுற்றனர். மரணங்களும் பதிவாகின, அவற்றுக்கு விற்றமின்தான் காரணமா என்பது சர்ச்சைக்குரியதாயிற்று.

விற்றமின் ஏ ஒரே தடவையில் மிகையானால் தலைவலி, வாந்தி, மயக்கநிலை ஏற்படலாம். நீண்டகாலம் மிகையானால் தோல் வறளும், முடி உதிரும், என்பு நோகும், ஈரல் பாதிக்கப்படும். கர்ப்பிணி உட்கொண்டால் சிசுவுக்கு அங்கக் குறைபாடு ஏற்படலாம். விற்றமின் டி மிகையானால் குருதியில் கல்சியம் கூடிச் சிறுநீரகம் பழுதடையும்.

14 தொடக்கம் 18 வயது வரை விற்றமின் ஏயின் நாளாந்தத் தேவை ஆண்களுக்கு 900, பெண்களுக்கு 700 மைக்கிரோகிராம். உச்ச எல்லை 2800. பல்விற்றமின் குளிசையுடன் மீனெண்ணெய்க் குளிசையையும் விழுங்குபவர், இரண்டிலும் ஏயும் டியும் இருக்கக்கூடும் என்பதைக் கவனிப்பதில்லை. பரீட்சைக் காலத்தில் அம்மா ஒன்றும் மாமி ஒன்றுமாக வாங்கித் தருவதும் உண்டல்லவா? லேபலைக் கூட்டிப் பாருங்கள்.

கண்டிச் சந்தையில் வாங்கும் கரட், பப்பாசி, வல்லாரை பற்றி அஞ்சவேண்டியதில்லை. அவற்றிலுள்ள கரோட்டினை உடல் தேவைக்கேற்பவே விற்றமின் ஏயாக மாற்றும். கரட்டை அளவின்றி உண்டால் உள்ளங்கை மஞ்சளாகலாம்; ஆனால் கண்ணின் வெண்பகுதி மஞ்சளாகாது. செங்கண்மாரியில் அதுவும் மஞ்சளாகும். இவ்வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியாயின் நீரில் கரையும் விற்றமின் சியை எவ்வளவும் உட்கொள்ளலாமா? இல்லை. உங்கள் வயதில் அதன் உச்ச எல்லை நாளொன்றுக்கு 1800 மில்லிகிராம். இனிப்பென எண்ணி 500 மில்லிகிராம் குளிசைகள் நான்கை ஒரே நாளில் மென்றாலே எல்லை தாண்டிவிடும். முதலில் வயிற்றோட்டம் வரும். தொடர்ந்தால் சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் உண்டாகலாம்.