சுமையேறும்போது தடுமாறும் நீரிறைக்கும் இயந்திரம்

வெறுமனே ஓடும்போது சீராக ஓடும் நீரிறைக்கும் இயந்திரம், நீர் பாயத் தொடங்கியதும் நடுங்கித் தடுமாறி நின்றுவிடுவதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் பருக்கும் காலத்தில் இவ்வாறு நேருமாயின், திருத்துநரைத் தேடி அலையும் நாட்களிற் பயிர் வாடிவிடும். எரிபொருளும் வீணாகும். 2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததைக் கமக்காரர் மறந்திருக்கமாட்டார்.

சுமையில்லாத இயந்திரத்துக்குச் சிறிதளவு காற்றும் எரிபொருளும் போதும். சுமை ஏறியதும் இரண்டும் கூடுதலாக வேண்டும். தீப்பொறியும் வலுவாக இருத்தல் வேண்டும். அதுவரை மறைந்திருந்த குறை அப்பொழுதே வெளிப்படுகின்றது. மோட்டார்க் காரிற் குளிரூட்டியை இயக்கியதும் இயந்திரம் நடுங்குவதும் பெரும்பாலும் இக்காரணத்தினாலேயாம். ஆகவே, உறுப்புகளை விலைகொடுத்து மாற்றுமுன் பின்வரும் ஒழுங்கிற் சோதித்தல் நன்று.

1. சுமை மிகையானதா? இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடக்கக் கயிற்றை மெதுவாக இழுக்க வேண்டும். இறுக்கமோ உராயும் ஓசையோ இருப்பின், பம்பியினுள் மணலோ கல்லோ சிக்கியிருக்கலாம். அல்லது தாங்கி தேய்ந்திருக்கலாம்.

2. எரிபொருள் குறைகின்றதா? நீர் இறைத்துக்கொண்டிருக்கையில் சோக்கைச் சிறிது மூடிப் பார்க்க வேண்டும். ஓட்டம் சீராகுமாயின் எரிபொருள் போதவில்லை என்பது பொருள். தாங்கி மூடியிலுள்ள காற்றுத் துளை, வடிகட்டிக் கிண்ணத்திலுள்ள நீரும் அழுக்கும், காபரேற்றரின் பிரதான துளை ஆகியவற்றை முறையே பார்த்தல் வேண்டும். இயந்திரம் ஆறிய பின்னரே, நெருப்பு அணுகாத இடத்தில் இவற்றைத் திறக்கலாம்.

3. காற்றுத் தடைப்படுகின்றதா? சோக்கை மூடும்போது தடுமாற்றம் மிகுந்து கரும்புகை எழுமாயின், காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். பஞ்சு வடிகட்டியைச் சவர்க்கார நீரிற் கழுவி, நன்கு உலர்த்தி, சிறிது எண்ணெய் ஊட்டிப் பிழிந்து பூட்டலாம். காகித வடிகட்டியைக் கழுவலாகாது. வடிகட்டியின்றி இயக்கினால் தூசி உருளையைத் தேய்த்துவிடும்.

4. தீப்பொறி வலுவானதா? பிளக்கிற் படிந்த கரியை அகற்றி, கையேட்டிற் கூறிய இடைவெளியை அமைத்தல் வேண்டும். சிறிய இயந்திரங்கள் பலவற்றில் இது 0.7 முதல் 0.8 மில்லிமீற்றராகும்.

பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தை, நன்கு சூடாகுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதாலும் பிளக்கிற் கரி படியும். நிறுத்துமுன் சிறிது நேரம் பெற்றோலில் ஓட்டினால் அடுத்த நாள் எளிதிற் தொடக்கலாம்.

ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் திருத்தி, நீர் இறைத்தே சோதிக்க வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் உண்மையான குறை எதுவென அறிய இயலாது. இவை யாவற்றின் பின்னும் தடுமாற்றம் நீங்காவிடின், வால்வுகளையும் அமுக்கத்தையும் திருத்துநரிடம் காட்டுதல் வேண்டும். கண்டவற்றை வரிசையாக அவரிடம் கூறினால் காலமும் கூலியும் மிஞ்சும். பயிருக்கும் வேளைக்கு நீர் கிடைக்கும்.